எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறாத சக்கரம்

ஒரகடத்தில் பிரேக் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியின் வாசலுக்குக் கரும்பு இழுத்த பழைய ரயில் இன்ஜின் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், கேட்டவனுக்கு ரசனை இல்லை என்று சொல்லியிருப்பார்கள். சேர்மன் எந்த நாட்டிலோ ஒரு தொழிற்சாலை வாசலில் அப்படி ஒன்று நிற்பதைப் பார்த்துவிட்டு வந்தார். நமக்கும் ஒன்று வேண்டும் என்றார். பெரிய மனிதர்களுக்கு ஆசை வருகிற அன்றைக்கே சின்ன மனிதர்களுக்கு இடுப்புவலியும் வந்துவிடும்.

இந்த முறை வலி வனமாமலைக்கு வந்தது. மெயின்டனன்ஸ் ஃபிட்டர். ஊர் நாங்குநேரிப் பக்கம். எட்டு வருஷமாக அதே கேட்டில் கார்டைத் தேய்த்து உள்ளே போகிறான், இன்னும் கான்ட்ராக்ட் ஆள்தான். மூன்று கான்ட்ராக்டர்கள் மாறிவிட்டார்கள், அவன் மாறவில்லை. வடக்குப்பட்டில் ஆறு பேர் படுக்கிற அறையில் அவனுக்கு ஒரு பாய் அளவு இடம். மனைவி பூமாரியும் ஏழு வயது மகளும் ஊரில். நிரந்தர ஆர்டர் கைக்கு வந்தால் பென்னலூரில் ஒரு வீடு பிடித்து அவர்களைக் கூட்டி வந்துவிடலாம். அந்த ஒரு நினைப்பில்தான் எட்டு வருஷமும் ஓடியது. மகளுக்கு அவன் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்து போகிற விருந்தாளியாகி இருந்தான்.

2013 ஆடி மாதத்தில் அட்மின் மேனேஜர் நடேசன் அவனைக் கூப்பிட்டார். நடேசன் எப்போதும் சிரித்துக்கொண்டே பேசுகிறவர். அந்தச் சிரிப்பைக் கண்டால் அவனவன் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்வான்.

"ஆயுத பூஜைக்குள்ள இன்ஜின் நம்ம வாசல்ல நிக்கணும் வனமாமலை. நின்னா மட்டும் போதாது, சக்கரம் உருளணும். சேர்மன் எந்த வண்டி வாங்கினாலும் எலுமிச்சம்பழத்து மேல ஏத்தாம விடமாட்டாருன்னு உனக்கே தெரியும். முடிச்சுக் குடு. அன்னைக்கு மேடையிலேயே உன் கன்ஃபர்மேஷன் ஆர்டரைக் குடுக்க வைக்கிறேன்."

எலுமிச்சம்பழ விஷயம் அந்தக் கம்பெனியில் சட்டம் மாதிரி. புது ஃபோர்க்லிஃப்ட் வந்தால் நான்கு பழம், லாரி வந்தால் ஆறு பழம். பழம் நசுங்கிச் சாறு தரையில் ஓடினால்தான் சேர்மன் மூச்சு விடுவார். ஒருமுறை ஒரு பழம் நசுங்காமல் உருண்டு ஓடிவிட்டது என்று அந்த லாரியையே திருப்பி அனுப்பினார். சக்கரமுள்ள எதுவும் பழத்தை நசுக்காமல் அவர் எல்லைக்குள் குடியிருக்கக் கூடாது.

இன்ஜின் ஆந்திர எல்லையோரத்தில், மூடிப் பதினைந்து வருஷமான ஒரு சர்க்கரை ஆலையில் இருந்தது. வனமாமலை டிரெய்லரோடு போனான். துருப்பிடித்த ஒரு குவியலை எதிர்பார்த்துத்தான் போனான். ஷெட் கதவைத் திறந்ததும் அப்படியே நின்றுவிட்டான். இரண்டரை அடி அகலத் தண்டவாளத்தில், லாரி நீளம்கூட இல்லாத குட்டி நீராவி இன்ஜின் ஒன்று, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டக் காத்திருக்கிற பிள்ளை போல மினுமினுவென்று நின்றது.

எண்ணெய் தேய்த்தவர் பக்கத்திலேயே சாவிக்கொத்தோடு நின்றிருந்தார். சுந்தராம்பாள். ஆலையின் ஸ்டோர் கிளார்க். ஆலை மூடி எல்லோரும் போன பிறகும், கணக்கு ஒப்படைக்க ஆள் வரவில்லை என்று அங்கேயே இருந்துவிட்டவர். மாதம் ஒரு முறை கிரீஸும் எண்ணெயும் போட்டு, கடப்பாரையால் நெம்பிச் சக்கரத்தை ஒரு சாண் நகர்த்தி வைப்பாராம். பழைய இரும்புக்காரர்கள் எத்தனையோ பேர் வந்து கேட்டும் கொடுக்கவில்லை. இவர் வாய்க்குப் பயந்து ஆலை முதலாளிகளும் விட்டுவிட்டார்கள்.

"அடுப்பப் பாரு தம்பி" என்று சின்ன இரும்புக் கதவைத் திறந்து டார்ச் அடித்தார். உள்ளே கரி எரிகிற பெட்டி முழுக்கத் தாமிரம். வெளிச்சம் பட்டதும் செக்கச்செவேலென்று ஜொலித்தது. "இந்தத் தாமிரத்துக்குத்தான் எல்லாரும் நாக்கத் தொங்கப் போட்டுகினு வந்தானுங்க. இத்த எடுத்துட்டா இது இன்ஜின் இல்ல, தகர டப்பா."

காசு எதுவும் வேண்டாம், இனாமாகத் தருகிறோம் என்று ஆலை எழுதியிருந்தது. ஒரே ஒரு நிபந்தனை, அது சுந்தராம்பாள் வைத்தது. ஒரு துண்டும் வெட்டக் கூடாது, எதையும் கழற்றி விற்கக் கூடாது, முழுசாக வைத்துக் காப்பாற்ற வேண்டும். அதன் கீழே கம்பெனி சார்பில் கையெழுத்து. வனமாமலை நடேசனுக்கு போன் போட்டான். "நீயே போட்டுட்டு வாப்பா, இதுக்கெல்லாம் என்னைக் கூப்பிடுவியா?" என்றார் அவர்.

வனமாமலை கையெழுத்துப் போட்டான். மஸ்டர் ரோலிலும் கேட் பாஸிலும் தவிர அவன் கையெழுத்தை யாரும் கேட்டதில்லை. ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்துப் போட்டான்.

"நீதான் பொறுப்பு" என்றார் சுந்தராம்பாள். "விசில் மட்டும் எங்கிட்ட கீது. பித்தள. ரெண்டு தடவ திருட வந்தானுங்க, ஸ்டோர்ல வச்சிப் பூட்டிட்டேன். பூஜ அன்னிக்கு நானே எடுத்துகினு வரேன். உங்க கம்பெனில காத்து பைப் இருக்குமில்ல? மாட்டி ஊதிப் பாக்கலாம்."

"வாங்கம்மா, நான் இருக்கேம்லா" என்றான் அவன். முழு மனதோடுதான் சொன்னான்.

ஒரகடத்தில் இன்ஜினை இறக்கியது ரத்தினம். வடக்குப்பட்டுக்காரர், கம்பெனியில் ஹைட்ரா கிரேன் ஓட்டுகிறவர். அவருடைய அப்பன் கடலை போட்ட நிலத்தில்தான் இப்போது கம்பெனியின் கார் பார்க்கிங் இருக்கிறது. அதனால் எதைப் பார்த்தாலும் கொஞ்சம் எகத்தாளமாகவே பேசுவார். இன்ஜினை மட்டும் வாசலில் போட்டிருந்த தண்டவாளத் துண்டின் மேல் பூப்போல இறக்கினார்.

அப்புறம் இரண்டு மாதம், ஷிஃப்ட் முடிந்து வனமாமலை அதனோடேயே கிடந்தான். ஆலையில் ஒரு சாண் நகர்ந்த சக்கரம் இங்கே ஒரு சுற்று சுற்ற வேண்டும். பேரிங் ஒவ்வொன்றாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, எண்ணெய்க் குழாய்களைக் குத்தி அடைப்பெடுத்து மாட்டினான். பூஜைக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது அவனும் ரத்தினமும் தோளைக் கொடுத்துத் தள்ளினார்கள். இன்ஜின் முனகாமல் நகர்ந்தது. எட்டு வருஷத்தில் அவன் வேலை செய்து சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். பூமாரிக்கு போன் போட்டு, "உருண்டுட்டு" என்றான். "என்ன உருண்டுச்சு?" என்று அவள் பயந்துபோனாள்.

சந்தோஷத்துக்கு ஆயுசு அவ்வளவுதான். மறுநாள் பெயின்டர்கள் வந்து கறுப்பு இன்ஜினுக்குக் கம்பெனியின் நீலத்தை அடித்தார்கள், பிளாஸ்டிக் வாளியின் நீலம். புகைபோக்கிக்குள் கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை அழைப்புக்குப் புகை விடுகிற மெஷினை இறக்கினார்கள். டிரைவர் நிற்கிற இடத்தில் ஒரு ஸ்பீக்கர். பட்டனை அமுக்கினால் டீசல் ரயிலின் ஹாரன் அலறியது. நீராவி இன்ஜின் வாயில் டீசல் சத்தம்! மேல்பூச்சுதானே, என்றைக்காவது சுரண்டிக்கொள்ளலாம் என்று வனமாமலை தன்னைத் தேற்றிக்கொண்டான்.

அடுத்த நாள் ஸ்ரீபெரும்புதூரில் இருந்து பழைய இரும்புக்காரன் ஒருவன் வந்தான். வெள்ளைச் சட்டை, கையில் காந்தம். அடுப்புக் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டு, காந்தத்தை ஒட்டிப் பார்த்தான். அது ஒட்டவில்லை, அசல் தாமிரம்தான். அவன் முகம் கல்யாண வீடாகிவிட்டது. பக்கத்தில் நடேசன் சிரித்துக்கொண்டு நின்றார்.

அவன் போன பிறகு வனமாமலை அவர் அறைக்குப் போனான்.

"சார், வெட்ட மாட்டோம்னு நான் கையெழுத்துப் போட்டிருக்கேன் சார்."

"நீ யாருப்பா? கம்பெனியா? கான்ட்ராக்ட் ஆளோட கையெழுத்து எங்க செல்லும்? உள்ள இருக்கிறதை எவன் எட்டிப் பாக்கப் போறான்? மழையில கெட்டுப்போறதுக்கு யாருக்காவது உபயோகப்படட்டுமே."

"அந்த அம்மாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன் சார். என்னால ஏலாது."

நடேசனின் சிரிப்பு குறையவே இல்லை. அதுதான் அருவருப்பு. கோபப்பட்டிருந்தால்கூட மனிதன் என்று நினைத்திருக்கலாம். "சரி, வேண்டாம். வெள்ளிக்கிழமை உன் கான்ட்ராக்ட் முடியுது இல்ல? வேற ஃபிட்டர் நூறு பேர் மறைமலை நகர்ல நிக்கிறான். ஊருக்குப் போய்க் குழந்தையோட சந்தோஷமா இரு."

இதை ஏதோ ஆசீர்வாதம் போலச் சொன்னார். வனமாமலை வெளியே வந்தான். அன்றிரவு பூமாரி போனில், பென்னலூரில் பள்ளிக்கூடம் எப்படி, வருஷ நடுவில் சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்டாள். சேர்த்துக்கொள்வார்கள் என்றான்.

ஞாயிற்றுக்கிழமை ஆள் இல்லாத நேரத்தில் ரத்தினம் ஹைட்ராவால் இன்ஜினைத் தூக்கிப் பிடித்தார். வனமாமலை கீழே மல்லாந்து படுத்துக்கொண்டு கேஸ் கட்டரைப் பற்றவைத்தான். அடிவயிற்றில் வெட்டினால் வெளியே தெரியாது, இது நடேசனின் யோசனை. தாமிரம் கேஸுக்கு லேசில் மசியாது. அதைப் பிடித்திருந்த இரும்புத் தண்டுகளைத்தான் ஒவ்வொன்றாக வெட்ட வேண்டும். நூற்றுக்கும் மேல் இருந்தன. நெருப்புப்பொறி கழுத்துக்குள் விழுந்தது. பழைய கரிப் புகையும் எண்ணெயும் கருகுகிற நாற்றம் தொண்டையில் ஒட்டிக்கொண்டது. நடுவில் இரண்டு முறை உருண்டு வெளியே வந்து ஓங்கரித்தான். எதுவும் வரவில்லை.

"இன்னாபா, வவுத்துல கத்தி வெக்கிறியே" என்றார் ரத்தினம், சீட்டில் உட்கார்ந்தபடி.

"நீங்க மட்டும் என்னண்ணே செய்யுதீய? தூக்கிப் புடிச்சுட்டுத்தான இருக்கீய?"

"ஆமாபா, நானும்தான். அத்தான் சொல்றேன். பாக்க சொல்லோ குமட்டிகினு வர்து." ரத்தினம் காறித் துப்பினார். யாரை நினைத்துத் துப்பினார் என்று அவன் கேட்கவில்லை.

தாமிரப் பெட்டி தகடு தகடாக இறங்கியது. வெள்ளைச் சட்டைக்காரன் வேன் எடுத்து வந்து, குப்பை எடுக்கிறவன் போலத் தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டு போனான். வனமாமலைக்குப் பிரியாணிப் பொட்டலம் ஒன்றை நடேசன் கொடுத்தனுப்பினார். அவன் அதை நாய்க்குப் போட்டான். நாய் தின்றது.

உள்ளே இப்போது பெரிய ஓட்டை. கதவைத் திறந்தால் தரை தெரியும். பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் நடேசன் சிவில் கான்ட்ராக்டரைக் கூப்பிட்டு அந்த ஓட்டையைக் கான்கிரீட்டால் அடைக்கச் சொன்னார். அடியில் பிளைவுட் பலகை ஒன்றை முட்டுக் கொடுத்து, கதவு வழியாகக் கலவையைக் கொட்டினார்கள். அன்றைக்கு வனமாமலைக்கு உற்பத்தி லைனில் பிரேக்டவுன் வேலை. மாலையில் அவன் வருவதற்குள் இன்ஜினைச் சுற்றி இடுப்புயரத்துக்கு நீலத் துணி கட்டி, பூமாலையும் தொங்கவிட்டிருந்தார்கள். கதவை வெல்டிங் வைத்து மூடச் சொல்லி அவனுக்கு உத்தரவு. உள்ளே எட்டிப் பார்த்தான். சிமெண்ட் வாசம் முகத்தில் அடித்தது. முழுசாக வெல்டிங் வைக்க மனம் வரவில்லை. இரண்டே இடத்தில் பொட்டு வைத்துவிட்டுப் போனான்.

பூஜை அன்றைக்குக் காலையிலேயே சுந்தராம்பாள் வந்துவிட்டார். மூன்று பஸ் மாறி, மடிப்புக் கலையாத பட்டுப்புடவையில், கையில் மஞ்சள் பையோடு. நீல இன்ஜினைப் பார்த்து நின்றார். முகம் சுருங்கியது.

"இன்னா தம்பி இது கலரு?"

"கம்பெனி கலரும்மா" என்றான். அவர் பையைப் பிரித்தார். வெள்ளைத் துணியில் சுற்றிய பித்தளை விசில். புளி போட்டுத் தேய்த்திருந்தார். பூஜை முடிந்ததும் மாட்டலாம் என்று சொல்லி அவரைக் கூட்டத்தில் முன் நாற்காலியில் உட்கார வைத்தான்.

சேர்மன் வந்தார். தேங்காய் உடைத்தார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள். கல்யாண மண்டபத்துப் புகை புகைபோக்கியிலிருந்து பன்னீர் வாசத்தோடு கிளம்ப, எல்லோரும் கை தட்டினார்கள். குருக்கள் நான்கு சக்கரத்துக்கும் முன்னால் நான்கு எலுமிச்சம்பழம் வைத்தார். ரத்தினம் ஹைட்ராவில் சங்கிலி மாட்டி மெதுவாக இழுத்தார்.

இன்ஜின் நகரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தார். சங்கிலி விண்ணென்று முறுகியது. முன் சக்கரம் இரண்டும் துடித்தன, பின் சக்கரம் இரண்டும் கல்லாக நின்றன. பழம் நான்கும் வைத்த இடத்தில் குண்டு குண்டாக உட்கார்ந்திருந்தன.

சேர்மன் முகம் இருண்டது. "என்ன நடேசன்? உருளும்னு சொன்னீங்க?"

"பழைய இன்ஜின் சார், துரு. திடீர்னு ஜாம் ஆயிடும்" என்றார் நடேசன், சிரித்தபடியே.

"துருவா?" முன் நாற்காலியிலிருந்து சுந்தராம்பாள் எழுந்தார். "பதினஞ்சி வருசமா என் கையால கிரீஸ் வெச்சிகினு இருந்தேன். ஜாம் ஆவறதுக்கு அது இன்னா பாத்ரூம் தாப்பாளா? இன்னாவோ பண்ணிக்கிறீங்க. தம்பி, அடுப்பத் தொற."

நடேசன் வனமாமலையைப் பார்த்தார். "கதவும் ஜாம், இல்ல வனமாமலை?" மேடை மேசையில் தாம்பாளத் தட்டு இருந்தது. தட்டில் கவர்கள். மேலே இருந்த கவரில் அவன் பெயர் டைப் அடித்திருந்தது அவன் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது.

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். அவனும் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். அதற்குள் அந்த அம்மாள் விசிலைத் துணியோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு அவனையே பார்ப்பதைப் பார்த்துவிட்டான். ரத்தினத்தின் வண்டியிலிருந்து சுத்தியலை எடுத்து வந்தான். இரண்டு அடி. வெல்டிங் பொட்டு தெறித்தது. கதவு திறந்தது.

அடுப்பு வாய் வரைக்கும் கான்கிரீட். சரியாகப் பூசக்கூட இல்லை, ஓரத்தில் ஒரு பான்பராக் பாக்கெட் பாதி புதைந்து கிடந்தது. வனமாமலை குனிந்து நீலத் துணியை விலக்கினான். முட்டுக் கொடுத்த பிளைவுட் சரிந்து, கலவை கீழே வழிந்து, பின் அச்சைச் சுற்றிப் பாறையாக இறுகியிருந்தது. அவன் இரண்டு மாதம் கழுவிக் கழுவி மாட்டிய பேரிங் எல்லாம் அதற்குள் இருந்தன.

"தாமிரம் எங்க?" என்றார் சுந்தராம்பாள்.

அவர் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"யாரு வெட்டினது?"

"நாந்தாம்மா" என்றான் வனமாமலை. "சார் சொன்னாவ. நான் வெட்டுனேன்."

எல்லோர் முன்னாலும் சொல்லியாயிற்று. வேலை போனது என்று நினைத்தான். பயமாக இல்லை, மூச்சு லேசாக வந்தது. சேர்மன் கிட்டே வந்து, மூக்கைச் சுருக்கிக் கதவுக்குள் பார்த்தார். நடேசனைப் பார்த்தார். நடேசன் சிரித்தார். சேர்மனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்பது வனமாமலைக்கும் விளங்கியது.

"வெளியே நின்னு பாத்தா தெரியாது இல்லையா?" என்றார் சேர்மன்.

"தெரியவே தெரியாது சார்."

"அப்போ கதவை மூடுங்க. அதை விடுங்க, பழத்துக்கு என்ன வழி? நல்ல நேரம் முடியறதுக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?"

வழி கண்டுபிடிப்பதில் நடேசனை மிஞ்ச ஆள் இல்லை. நான்கு பழத்தையும் எடுத்துக்கொண்டு போய் ஸ்டோர் வாசலில் ஃபோர்க்லிஃப்ட்டை ஏற்றி நசுக்கினார்கள். நசுங்கிய தோலையும் சதையையும் ஹவுஸ்கீப்பிங் பெண் ஒருத்தி முறத்தில் அள்ளி வந்தாள். அதை இன்ஜின் சக்கரத்தின் கீழே கையால் திணித்து, மேலே குங்குமம் தூவினார்கள். குருக்கள் கண்ணை மூடிக்கொண்டு மந்திரம் சொன்னார். போட்டோக்காரன் குனிந்து படம் எடுத்தான். லாரியைத் திருப்பி அனுப்பின பக்திமான் கைகூப்பி நின்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இவர்கள் பகவானுக்கே எச்சில் எலுமிச்சை வைத்தார்கள். தூ!

அப்புறம் மைக்கில் முதல் பெயராக வனமாமலையின் பெயரைச் சொன்னார்கள். காது தப்பாகக் கேட்கிறதோ என்று நின்றான். யாரோ முதுகில் தள்ளினார்கள். "இரண்டே மாதத்தில் நமது பாரம்பரியச் சின்னத்தை உருவாக்கித் தந்த..." என்று ஒரு பெண் படித்தாள். சேர்மன் கவரைக் கொடுத்துக் கை குலுக்கினார். நடேசன் எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டினார். சிமெண்ட் தூள் ஒட்டிய கையால் அவன் அதை வாங்கிக்கொண்டான். துரத்தியிருந்தால் அழுக்கு கொஞ்சம் கழுவப்பட்டிருக்கும். துரத்தவில்லையே, பரிசல்லவா கொடுத்தார்கள்!

மேடையிலிருந்து இறங்கியபோது முன் நாற்காலி காலி. கேட்டுக்கு ஓடினான். சுந்தராம்பாள் பஸ் ஸ்டாப்பில் மஞ்சள் பையோடு நின்றிருந்தார். அவன் கையிலிருந்த கவரைப் பார்த்தார்.

"ஆர்டரு வந்துடுச்சா?"

"வந்துட்டும்மா."

"நல்லது. ஆர்டரு வந்தா கொயந்தய கூட்டியாரணும்னு ஆலையில சொன்னியே, கூட்டியாந்துடு."

திட்டியிருக்கலாம். செருப்பைக் கழற்றியிருக்கலாம். அவர் திட்டாமல் இருந்தது அவனுக்குத் தாங்கவில்லை. "அந்த விசிலயாவது எங்கிட்டக் குடுத்துட்டுப் போங்கம்மா. நான் சாகுத வரைக்கும் பத்திரமா வச்சிருப்பேன். வேணும்னா எழுதித் தாரேன்."

"எழுதி?" என்றார் சுந்தராம்பாள். "எழுதி, கீழ யாரு தம்பி கையெழுத்துப் போடுவாங்க?"

பஸ் வந்தது. பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஏறினார். கம்பெனிக்குள்ளே யாரோ பட்டனை அமுக்கிவிட்டான் போலிருக்கிறது, நீல இன்ஜினின் டீசல் ஹாரன் கேட் தாண்டி வந்து அலறியது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

வனமாமலை கவரைப் பிரித்தான். இரண்டு பக்கம். இரண்டாம் பக்கத்தின் அடியில், கம்பெனியின் நம்பிக்கைக்கு உரியவனாக நடந்துகொள்வேன் என்ற வாசகமும், அதன் கீழே அவன் கையெழுத்துக்கு ஒரு கோடும் இருந்தன. மாலை ஐந்து மணிக்குள் போட்டு ஹெச்.ஆரில் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள்.

நாலே முக்காலுக்குக் கொடுத்தான்.